ஐந்தாம் கற்பனை எது? கிறிஸ்தவத்தின் பிரிவுகள் குறித்து ஒரு பதில்

ஆம்பூரில் ஒரு லுத்தரன் குடும்பத்தில் உங்கள் மகனுக்குப் பெண் பேசியிருப்பதாகவும், கல்யாணத்தை வேலூரிலேயே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் வைத்துக்கொண்டால் இரு பக்கத்து உறவினர்களுக்கும் வசதி என்று நீங்கள் சொன்னபோது பெண் வீட்டார் "நாங்க சி.எஸ்.ஐ. இல்லைங்க" என்று தயங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். எல்லாரும் இயேசுவைத்தானே கும்பிடுகிறார்கள், பிறகு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று இத்தனை எதற்கு, நம்பிக்கையில் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா அல்லது வெறும் நிர்வாகப் பிரிவுதானா என்பது உங்கள் கேள்வி. வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

நான் வேலூரில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன், என் அம்மா ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போவோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு தாத்தா பேரப்பிள்ளைகளைத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து ஞானோபதேசம், அதாவது மனப்பாடம் செய்த வேதப் பாடம், கேட்பார். பத்துக் கட்டளைகளைப் பத்துக் கற்பனைகள் என்போம். என் முறை வந்தபோது "ஐந்தாம் கற்பனை என்ன?" என்றார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று ஒப்பித்தேன். "தப்பு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பெரியம்மா மகனைப் பார்த்தார். அவன் "கொலை செய்யாதிருப்பாயாக" என்று சொல்லி எனக்கு வரவேண்டிய கடலை உருண்டையையும் வாங்கிக்கொண்டான். நாங்கள் இருவருமே சரியாகத்தான் சொன்னோம் என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து வருடங்கள் ஆயின.

பத்துக் கற்பனைகள் வேதத்தின் யாத்திராகமம் என்ற நூலின் 20ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. பத்து என்ற கணக்கு வேதத்திலேயே உண்டு, ஆனால் எது எத்தனையாவது என்று அங்கே எண் போடப்படவில்லை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் "விக்கிரகத்தை உண்டாக்க வேண்டாம்" என்பதை முதல் கற்பனையின் பகுதியாகவே படித்து, கடைசியில் வரும் "இச்சியாதிருப்பாயாக" என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குகிறார்கள். சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றிய சீர்திருத்த சபைகளும், இங்கிலாந்துத் திருச்சபை வழியினரான ஆங்கிலிக்கன்களும், அவர்கள் வழிவந்த சி.எஸ்.ஐ.யும் விக்கிரகத் தடையைத் தனி இரண்டாம் கற்பனையாக எண்ணுகிறார்கள். ஆகவே அதற்குப் பின் வருவதெல்லாம் ஓர் எண் தள்ளிப்போகிறது. இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அல்ல. விக்கிரகத் தடைக்குத் தனி எண் கொடுத்துத் தூக்கிப் பிடித்த சபைகளின் கோயில்களில் பலிபீடத்துக்குப் பின்னால் வெறும் சிலுவைதான் இருக்கும். கொடுக்காதவர்களின் கோயில்களில் இயேசுவின் உருவம் தொங்கும் பாடுபட்ட சிலுவை இருக்கும். ஆம்பூரில் சம்பந்தி வீட்டுக் கோயிலுக்குப் போகும்போது அந்தச் சிலுவையைப் பார்த்துவிட்டு "இது ஆர்.சி. கோயில் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அது பிடிக்காது, ஆனால் நீங்கள் கவனித்தது சரிதான்.

பொதுவாக உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். 325ல் நிசேயாவிலும் 381ல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் ஆயர்கள் கூடிய சங்கங்கள், கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரித்துவமாக இருக்கிறார், குமாரனாகிய இயேசு முழுக்கக் கடவுளும் முழுக்க மனிதருமானவர், அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கைக்கு ஒரு வடிவம் கொடுத்தன. நான் கீழே சொல்லப்போகும் பெரும் பிரிவுகள் அனைத்துக்கும் இது பொது. யெகோவாவின் சாட்சிகள் போன்றோர் திரித்துவத்தை ஏற்பதில்லை. மற்ற சபைகள் அவர்களைத் தம்மோடு சேர்த்து எண்ணாததற்கு அதுதான் காரணம். ஆக, இயேசு யார் என்பதில் பெரிய சண்டை இல்லை. அவர் பெற்றுத் தந்ததாக நம்பப்படும் மீட்பு ஒரு மனிதனின் கைக்கு எந்த வழியாக வந்து சேருகிறது, அந்த வழியைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாரும் பிரிந்தார்கள்.

காலத்தால் முந்திய பிரிவுகள் கிழக்கே நடந்தன. 451ல் கால்சிடோன் சங்கம், கிறிஸ்துவில் இறைத்தன்மை, மனிதத்தன்மை என்ற இரு தன்மைகள் கலவாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்று வரையறுத்தபோது, எகிப்தியரும் ஆர்மீனியரும் சிரியரில் ஒரு பகுதியினரும் அந்தச் சொல்லாட்சியை ஏற்காமல் ஒன்றிணைந்த ஒரே தன்மை என்றே சொல்லி விலகினார்கள். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை இந்த வழியைச் சேர்ந்தது. சி.எம்.சி. மருத்துவமனையில் பணிபுரிய வந்த மலையாளிகள் இல்லாவிட்டால் வேலூர்க்காரர்களாகிய நமக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்திருக்காது. பிறகு 1054ஐ ஒட்டி ரோமும் கான்ஸ்டாண்டிநோப்பிளும் பிரிந்தன. பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்றிருந்த விசுவாசப் பிரமாணத்தில் "குமாரனிடமிருந்தும்" என்ற ஒரு சொல்லை மேற்கத்தியர் சேர்த்துக்கொண்டது ஒரு காரணம். பொதுச் சங்கத்தைக் கேட்காமல் அதைச் சேர்க்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கு ஏது என்பது அதைவிடப் பெரிய காரணம். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் போப்பை ஆயர்களுக்குள் முதன்மையானவராக மதிக்க முடியும், ஆனால் எல்லாச் சபைகளுக்கும் தலைவராக ஏற்க முடியாது என்று இன்றும் சொல்கின்றன. அவர்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம், எண்ணெய் பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே நாளில் கொடுக்கப்படும். மணமானவர் குருவாகலாம், ஆனால் ஆயராக முடியாது. விக்கிரகத் தடையைத் தனிக் கற்பனையாக எண்ணுபவர்களும் அவர்கள்தாம், சுவர் முழுக்கப் புனிதர்களின் படங்களை வரைந்து முத்தமிடுபவர்களும் அவர்கள்தாம். நான் மேலே சொன்ன சிலுவைக் கணக்கு மேற்கத்திய சபைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 1054ல் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபங்களை 1965ல் போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டாண்டிநோப்பிளின் முதுபெரும் தந்தை அத்தனாகோரசும் விலக்கிக்கொண்டார்கள். பிரிவு மட்டும் விலகவில்லை.

இனி ஆர்.சி. என்று நாம் சொல்லும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை. உலகக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், 130 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதில்தான் இருக்கிறார்கள். இவர்கள் நம்பிக்கையின் அச்சு என்னவென்றால், கிறிஸ்து தம் அருளை ஒரு சபையிடம் ஒப்படைத்தார், அந்தச் சபை ஞானஸ்நானம், நற்கருணை போன்ற ஏழு திருவருட்சாதனங்கள் வழியாக அதை மனிதருக்கு வழங்குகிறது, அந்தச் சபையின் காணக்கூடிய தலைவர் பேதுருவின் வழிவந்த ரோம் ஆயர் என்பதாகும். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் வசனம் மத்தேயு 16:18. அதைக் கத்தோலிக்க வீட்டில் இருக்கும் திருவிவிலியத்தில் பார்த்தால் "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்று இருக்கும். எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று இருக்கும். பாறை பேதுருவே என்பது அவர்கள் வாதம். பேதுரு அப்போது அறிக்கையிட்ட விசுவாசம்தான் கல் என்பது எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் நான் சிறுவயதிலிருந்து கேட்டது. நேர்மையாகச் சொன்னால், பேதுரு என்ற பெயருக்கே கல், பாறை என்றுதான் பொருள் என்பதால் இந்த ஒரு வசனத்தில் அவர்கள் கை ஓங்கியே இருக்கிறது. ஆனால் அந்த வசனத்திலிருந்து, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது போப் தவறமாட்டார் என்று 1870ல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது வரை போவதற்கு நெடுந்தூரம் நடக்கவேண்டும்.

மரியாளைப் பற்றிய வேறுபாடும் இந்த அதிகாரக் கேள்வியின் கிளைதான். மரியாள் பாவக்கறையின்றிக் கருவில் உருவானார் என்பது 1854லும், அவர் உடலோடு விண்ணுக்கு எடுக்கப்பட்டார் என்பது 1950லும் கட்டாய நம்பிக்கையாக அறிவிக்கப்பட்டன. இரண்டாவது அறிவிப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 1952ல் வேலூர் மறைமாவட்டம் உருவானது. அதன் பேராலயம் விண்ணேற்பு அன்னையின் பெயரில்தான் இருக்கிறது. புராட்டஸ்டண்டுகள், அதாவது ரோமிலிருந்து பிரிந்த லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்றவர்கள், இதை வேதத்தில் எழுதப்படாதது என்று தள்ளுவார்கள். கத்தோலிக்கர்களோ வேதமும் வழிவழி வந்த மரபும் ஒரே ஊற்றின் இரு ஓடைகள் என்பார்கள். ஆனால் அவர்கள் மாதாவைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வது தவறு. செபமாலையில் அவர்கள் சொல்லும் மன்றாட்டின் வினைச்சொல்லைக் கவனியுங்கள்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதே கோரிக்கை. ஆராதனை கடவுளுக்கு, வணக்கம் புனிதர்களுக்கு என்று அவர்கள் கோடு கிழித்திருக்கிறார்கள். ஆடித் திருவிழாவும் தேர்பவனியும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க் கண்ணுக்கு அந்தக் கோடு எப்போதும் தெரிவதில்லை என்பது வேறு.

இறந்தவர்களுக்காக மன்றாடுவதும் இப்படித்தான். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஆர்.சி. குடும்பங்களும், பல இடங்களில் சி.எஸ்.ஐ. குடும்பங்களும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் கத்தோலிக்கர், உத்தரிக்கிற தலத்தில் தூய்மையாகிக்கொண்டிருக்கும் ஆன்மாவுக்கு உதவும் என்று செபிக்கிறார், சி.எஸ்.ஐ.க்காரர், அவருடைய வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். இறந்தோருக்காக வேண்டுவது நல்லது என்று சொல்லும் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நூல் 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, 66 நூல்கள் கொண்ட எங்கள் வேதாகமத்தில் இல்லை. எந்த நூல் வேதம் என்று தீர்மானிப்பது யார் என்று கேட்டால் மறுபடியும் அதிகாரக் கேள்விக்கே வந்து நிற்போம்.

1517ல் மார்ட்டின் லுத்தர் கிளப்பிய கேள்வி முதலில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை பற்றியது. அதன் அடியில் இருந்தது, மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாவது எதனால் என்பது. விசுவாசத்தினாலேயே, கிருபையினாலேயே என்றார் லுத்தர். நற்செயல் அதன் கனி, காரணம் அல்ல. விசுவாசத்தினால் நீதிமான் என்னும் ரோமர் 3:28ஐ அவர் காட்ட, விசுவாசம் மட்டும் போதாது, செயலும் வேண்டும் என்னும் யாக்கோபு 2:24ஐக் கத்தோலிக்கர் காட்டினார்கள். 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து சங்கம், அருள் இல்லாமல் மீட்பு இல்லை, ஆனால் அருளோடு மனிதன் ஒத்துழைக்கவும் வேண்டும், அன்பில் செயல்படாத விசுவாசம் போதாது என்று பதில் சொன்னது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் இதை வைத்துச் சண்டையிட்டவர்கள், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், அடிப்படையில் நாம் ஒத்துப்போகிறோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்டுகளும் சீர்திருத்த சபைகளும் பின்னர் அதில் இணைந்தன. ஆகவே, "ஆர்.சி.க்காரர்கள் புண்ணியம் செய்து மோட்சம் போகலாம் என்கிறார்கள்" என்று யாராவது உங்களிடம் விளக்கம் சொன்னால் நம்பவேண்டாம்.

உங்கள் சம்பந்தி வீட்டாரின் சபை சி.எஸ்.ஐ.யிலிருந்து தள்ளி நிற்பதற்குப் பின்னணியில் இருப்பது வேறொன்று. அது திருவிருந்தின் (ஆர்.சி.யில் நற்கருணையின்) அப்பம். இயேசு கடைசி இரவில் அப்பத்தை எடுத்து "இது என் சரீரம்" என்றார். அந்த "இது" என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? கத்தோலிக்கர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, குரு அந்தச் சொற்களைச் சொல்லும்போது அப்பத்தின் தோற்றமும் சுவையும் மாறாமலிருக்க அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்கிறார்கள். பூசை முடிந்த பின்னும் மிச்சமுள்ள அப்பம் நற்கருணைப் பேழையில் வைக்கப்பட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும், அதைக் கடக்கிறவர்கள் முழங்காலிடுவதும் இதனால்தான். லுத்தர், மாறிவிடுகிறது என்ற தத்துவ விளக்கத்தைத் தள்ளினார். ஆனால் அப்பத்தோடும் அப்பத்துக்குள்ளும் கிறிஸ்துவின் உண்மையான சரீரம் இருக்கிறது, உண்பவன் அதையே வாயில் பெறுகிறான் என்பதில் அவர் ஓரங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சுவிங்கிலியோ "இது" என்றால் "இது குறிக்கிறது" என்றுதான் பொருள், திருவிருந்து ஒரு நினைவுகூரல் என்றார். 1529ல் மார்பர்க் கோட்டையில் இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் செய்யப் பார்த்தார்கள். லுத்தர் மேசையின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு அதைவிட்டு நகரவில்லை. 15 கூறுகளில் 14ல் உடன்பட்டார்கள்; பதினைந்தாவது இந்த அப்பம்; அதன் ஒரு பகுதியில் பிரிந்தார்கள். பின்னால் வந்த கால்வின் நடுவே ஒரு வழி சொன்னார்: கிறிஸ்துவின் உடல் விண்ணில் இருக்கிறது, ஆனால் பரிசுத்த ஆவியானவர் விசுவாசிக்கிறவனை அவரோடு உண்மையாகவே இணைக்கிறார், ஆகவே அது வெறும் நினைவு அல்ல.

இப்போது இதை நம் வட்டாரத்தின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 1853ல் முறையாக அமைந்த ஆற்காடு மிஷன், அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபையுடையது, அதாவது கால்வின் வழி. ஸ்கடர் குடும்பத்தார் அதன் தூண்கள். 1900ல் ஒற்றைப் படுக்கையோடு சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண். வேலூர், இராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் பக்கத்துப் பழைய புராட்டஸ்டண்டு குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள். வேலூர்க் கோட்டைக்குள் 1846ல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம் மட்டும் படையினருக்கான ஆங்கிலிக்கன் கோயிலாக இருந்தது. ஆம்பூரிலோ, 1895ல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கிய அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் வேரூன்றியது. லுத்தரன்களுக்குள்ளேயே கொள்கையில் மிகக் கண்டிப்பானவர்கள் அவர்கள். சேத்துப்பட்டுப் பக்கம் பிரெஞ்சுக் குருவான தராஸ் சாமியார் பல்லாயிரம் பேரைக் கத்தோலிக்கத்தில் சேர்த்தார். ஒரு குடும்பம் எந்தச் சபை என்பது, அவர்களுடைய பாட்டன் பூட்டன் கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்ததால் அமைந்ததில்லை. பஞ்ச காலத்திலும் நோய்க் காலத்திலும் எந்த மிஷன்காரர் எந்தச் சேரிக்கு, எந்த ஊருக்கு முதலில் போனார் என்பதால் அமைந்தது. புராட்டஸ்டண்டு மிஷன்களில் பலவும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்று உடன்படிக்கையே செய்துகொண்டிருந்தன.

இப்படி வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுச் சண்டைகளை நம் ஊரில் எல்லை பிரித்து நட்டுவிட்டுப் போனது இந்தியக் குருமாருக்கு உறுத்தியது. 1919ல் தரங்கம்பாடியில் கூடிய அவர்கள், அசரியா பேராயரின் முன்னிலையில், இது நாம் உண்டாக்கிய பிரிவினை அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதிலிருந்து 28 ஆண்டுகள் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, சீர்திருத்த மரபினர் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாக, அதாவது சி.எஸ்.ஐ.யாக ஆனார்கள். அந்தப் பேச்சில் அதிகம் இழுத்தடித்தது அப்பம் அல்ல, பேராயர் பதவி. பேராயர்கள் வழிவழியாகக் கைவைத்து அபிஷேகம் செய்யாவிட்டால் குருத்துவமே இல்லை என்பது ஆங்கிலிக்கன்களில் ஒரு பிரிவினரின் பிடிவாதம். மூப்பர்கள் கூடி நியமித்தால் போதும் என்பது ஆற்காடு மிஷன் போன்றவர்களின் மரபு. இனிமேல் எல்லா நியமனமும் பேராயர் கையால் நடக்கும், ஏற்கனவே நியமிக்கப்பட்டவர்களை மறுபடி அபிஷேகம் செய்யமாட்டோம் என்று முடிவு செய்து, முப்பதாண்டு இடைக்காலம் வைத்தார்கள். உலகில் பேராயர் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படிச் சேர்ந்தது அதுவே முதல் முறை. நம்மவர்கள் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

லுத்தரன்கள் இதில் சேரவில்லை. முதலில் கொள்கையில் முழு உடன்பாடு, பிறகுதான் ஒரே திருவிருந்துப் பந்தி என்பது அவர்கள் நிலை, அதிலும் மிசௌரி வழியினர் அந்த வரிசையை மாற்றவே மாட்டார்கள். பெண்களைக் குருவாக்குவதிலும் இதே வேறுபாடு உண்டு. சி.எஸ்.ஐ. பெண்களைக் குருக்களாக நியமிக்கிறது, 2013ல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணைப் பேராயராகவே ஆக்கியது. மிசௌரி லுத்தரன் மரபும் கத்தோலிக்கமும் ஆர்த்தடாக்ஸும் அதை ஏற்பதில்லை.

பெந்தெகொஸ்தேயினருக்கு வருகிறேன். இவர்களுக்கு முன்னோடிகள், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்த பிறகு தானாகக் கேட்டுப் பெறுவதே செல்லும் என்று 1525ல் சூரிச்சில் கிளம்பியவர்களும், அதே கருத்தைப் பின்னர் எடுத்துக்கொண்ட பாப்டிஸ்டுகளும். அதோடு, அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் சீடர்கள்மேல் இறங்கிய ஆவியின் அபிஷேகம், அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், நோய் தீர்க்கும் வரம் எல்லாம் இன்றும் ஒவ்வொரு விசுவாசிக்கும் உண்டு என்பதைச் சேர்த்தால் பெந்தெகொஸ்தே. 1906ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்து அது உலகெங்கும் பரவியது. கத்தோலிக்கருக்கு அருள் திருவருட்சாதனத்தில் வருகிறது, லுத்தரனுக்கு வசனத்திலும் அதோடு சேர்ந்த அப்பம், தண்ணீரிலும் வருகிறது. பெந்தெகொஸ்தேக்காரருக்கு அது நேரே ஆவியானவரிடமிருந்து, உடம்பில் உணரும்படி வருகிறது. அங்கே பலிபீடம் இருக்காது, மேடையும் மைக்கும் கீபோர்டும் இருக்கும். கட்டிடத்தைக் கோயில் என்றும் சொல்லமாட்டார்கள், சபை என்பார்கள். பாலாற்றில் ஆள் மூழ்குமளவுக்குத் தண்ணீர் ஓடும் நாட்கள் அபூர்வம் என்பதால் நம் பக்கத்தில் முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் பல சபைகள் உள்ளேயே சிமெண்டுத் தொட்டி கட்டிவைத்திருக்கின்றன.

என் சித்தப்பா மகள் கல்லூரி முடித்த வருடம் அப்படி ஒரு தொட்டியில் மூழ்கி எழுந்தாள், அன்றே காதிலிருந்த கம்மலையும் கழற்றினாள். சித்தப்பா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. கம்மலுக்காக அல்ல. மூன்று மாதக் குழந்தையாக அவளைக் கையிலேந்திக் கோயிலில் நின்று தான் சொன்ன வாக்குறுதியை அவள் செல்லாது என்று சொல்லிவிட்டாள் என்பது அவர் வருத்தம். "நீங்க சொன்னீங்கப்பா, நான் சொல்லலையே" என்றாள் அவள். ஐந்நூறு ஆண்டு வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ. மூவரும் ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் பொதுவாக ஏற்கிறார்கள், மறுபடி கொடுப்பதில்லை.

சொற்களிலும் கவனமாக இருங்கள். நம் ஊரில் அதிகக் குழப்பம் அங்கேதான். ஆர்.சி.யில் ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர், சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் உள்ளூர்க் கோயிலின் குரு, ஆர்.சி. ஆயருக்கு இணையான தலைவரைப் பேராயர் என்போம். அவர்களிடம் பேராயர் என்றால் ஆயர்களுக்கும் மேலே உள்ளவர். பத்திரிகை அடிக்கும்போது இதில் தவறினால் மனத்தாங்கல் வரும். அவர்கள் திருப்பலி, தூய ஆவி என்பார்கள். நாங்கள் ஆராதனை, பரிசுத்த ஆவி என்போம். லுத்தரன் வீட்டில் பாஸ்டர் அல்லது ஐயர் என்று சொன்னால் போதும்.

திருமணத்தைப் பொறுத்தவரை, கத்தோலிக்கருக்கு அது ஏழு திருவருட்சாதனங்களில் ஒன்று, முறிக்க முடியாதது. புராட்டஸ்டண்டுகள் ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டையே சாக்கிரமெந்து (ஆர்.சி. சொல்லில் திருவருட்சாதனம்) என்பதால் திருமணத்தைக் கடவுள் ஏற்படுத்திய பரிசுத்த நிலையாக மதிக்கிறார்கள், சாக்கிரமெந்தாக அல்ல. ஆகவே கோயில் மாறுவதால் திருமணம் செல்லாமல் போகும் என்ற பயம் பெண் வீட்டாருக்கு இருக்க வாய்ப்பில்லை. தங்கள் பாஸ்டர், தங்கள் கோயில், தங்கள் பதிவேடு என்பதுதான் காரணமாக இருக்கும். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும், ஆனால் சபை தன் விதியாக அதற்கு மேலும் கேட்கலாம். ஆகவே வேலூரா ஆம்பூரா என்ற பேச்சை விட்டுவிட்டு, பெண் வீட்டாரோடு போய் அவர்களுடைய பாஸ்டரைப் பாருங்கள். உங்கள் மகன் ஞானஸ்நானம் பெற வேண்டுமென்று எதிர்பார்க்கிறார்களா, கோயிலில் எத்தனை ஞாயிறு அறிவிப்பு வாசிக்க வேண்டும் என்ற இரண்டையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உங்களை அழைப்பார்கள், போய்வாருங்கள். திருவிருந்து நேரம் வந்ததும் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தண்டை போவார்கள். நீங்கள் எழவேண்டாம், அப்படியே உட்கார்ந்திருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். என் அம்மா கல்யாணமாகி சி.எஸ்.ஐ.க்கு வந்த பிறகு, பிறந்த ஊர்க் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா மட்டும் எழுந்து போவார், திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்துவிட்டுப் போன பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார். இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துக் கடைசிப் பாட்டைப் பாடுவார்கள்.